பெரிய செட் வாங்கும் முன்: சின்ன ஃப்ளாட்டில் சவுண்ட் கோளாறுகளும் கைவைத்தியமும்

"சத்தம் நல்லா இல்லை, வேற செட் மாத்தலாம்னு இருக்கேன்" என்று யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: நல்லா இல்லைன்னா எப்படி? இரைகிறதா, அடைக்கிறதா, கரகரக்கிறதா, இல்லை பேசுவது புரியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கமும் நான் பார்க்கும் ஃப்ளாட்டுகளின் ஹால் 10க்கு 12 அடி, மிஞ்சினால் 11க்கு 15. செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். இந்த அறைக்குள் என்ன விலைக்கு எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பாதிக் கோளாறு கூடவே வரும். அதனால் காசு செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம்.

சோதிக்க இரண்டு ஒலிப்பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நல்ல மிருதங்கத் தனி ஆவர்த்தனம். இன்னொன்று, திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய வாசிப்பு ஏதாவது ஒன்று. 1956-ல் மறைந்தவர் என்பதால் அவருடைய பதிவுகள் மோனோதான், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. அது எதற்கு உதவும் என்று பின்னால் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஸ்பீக்கரையும் நகர்த்தி ஒயரையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும்.

பாஸ் கும்மென்று அடைக்கிறது

தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். மிருதங்கத்தின் இடக்கைப் பக்கமான தொப்பியில் கும்கி (அழுத்தி வழுக்கும் அடி) விழும்போது சுருதி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்த அடி விழுந்தாலும் ஒரே "கும்" மட்டும் வந்து, அடுத்த அடி விழுந்த பிறகும் நின்று கொண்டிருந்தால், ஊஃபரை (கனத்த கீழோசையான பாஸுக்கென்று இருக்கும் பெட்டி) திட்டாதீர்கள். அறைதான் வாசித்துக்கொண்டிருக்கிறது.

கணக்கு எளிது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் 10 அடி, அதாவது 3.05 மீட்டர் இருந்தால், 349-ஐ அதன் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: 57 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். 12 அடிக்கு இது 48, 15 அடிக்கு 38. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருந்தால் பெருக்கம் பல இடத்தில் பிரிந்து போகும். படுக்கையறையில் செட் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: 10க்கு 10 அறை, உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையும் சேர்ந்து அதே 57-ஐ ஊதும். அதைவிட மோசமான வடிவம் கிடையாது.

முதலில் ஊஃபரை மூலையிலிருந்து எடுங்கள். மூலையில் வைத்தால் எல்லாச் சுவர்களின் அதிர்வையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். கடைக்காரர் "மூலையில வைங்க சார், பாஸ் நல்லா வரும்" என்பார். வரும்தான், அளவுக்கு மேல் வரும். அடுத்தது நீங்கள் உட்காரும் இடம். சுவரோடு ஒட்டிய சோபாவில் சாய்ந்தால் காதுக்கு வருவது அந்தப் பாஸின் உச்சம். அறைக்குச் சரி நடுவில் உட்கார்ந்தால் அதே பாஸ் காணாமல் போகும். சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பின்னால் விழும் இடத்தில் புத்தக அலமாரி வைத்துக்கொள்ளலாம், வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊஃபருக்குச் சரியான இடம் பிடிபடவில்லையா? அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபா மேலேயே வையுங்கள். மிருதங்கத்தை ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். கும்கி எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே ஊஃபரைக் கொண்டு வந்து வையுங்கள். மாமனார் வீட்டில் இருக்கும்போது வேண்டாம், அவ்வளவுதான்; முறை சரியான முறை.

இதற்கும் அடங்காவிட்டால் எந்த அலைவரிசைக்குக் கீழே ஊஃபர் வாசிக்க வேண்டும் என்று வைக்க அதன் பின்னால் உள்ள திருகை 80 ஹெர்ட்ஸுக்கு வைத்து, அளவைப் பாட்டில் ஊஃபர் தனியாகத் தெரியாத வரைக்கும் குறையுங்கள். முட்டை அட்டை ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. அரை அங்குல அட்டையும் ஒரு அங்குல ஸ்பாஞ்சும் அதை ஒன்றும் செய்யாது. பரணில் சும்மா கிடக்கும் இலவம் பஞ்சு மெத்தையை மடித்து மூலையில் நிறுத்தினால் ஓரளவுக்குப் பலன் உண்டு. படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்தும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அறையின் நீளமே மாறிய மாதிரி இருக்கும்.

பாட்டு ஓடாதபோதும் ம்ம்ம் என்று ஓயாத இரைச்சல்

இதில்தான் ஆட்கள் அநியாயத்துக்குக் காசைத் தொலைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரை மாற்றிவிட்டு, அதே ம்ம்ம் புது ஆம்ப்பிலும் வருவதைக் கேட்டு விழிப்பார்கள்.

ஆம்ப்புக்குப் பின்னால் போகும் எல்லா இன்புட் ஒயரையும் பிடுங்குங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்யுங்கள். இரைச்சல் நின்றுவிட்டதா? ஆம்ப் நல்லபடியாக இருக்கிறது, கோளாறு வெளியிலிருந்து வருகிறது. நிற்கவில்லையா? வால்யூமைத் திருகிப் பாருங்கள். வால்யூமோடு ஏறி இறங்கினால் முன்பகுதியில் கோளாறு. வால்யூம் எங்கே இருந்தாலும் ஒரே அளவில் இருந்தால் பவர் சப்ளை. நம் ஊரில் அசெம்பிள் செய்து விற்கும் செட்டுகளில் சில வருடம் ஆனதும் பெரிய ஃபில்டர் கன்டென்சர் வறண்டுபோவது சகஜம். அப்போது வருவது மெத்தென்ற 50 ஹெர்ட்ஸ் ம்ம்ம் அல்ல, அதற்கு இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். கொஞ்சம் கரடுமுரடாக, "ஸ்ர்ர்" கலந்து கேட்கும். கன்டென்சர் விலை சொற்பம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

கோளாறு வெளியிலிருந்து என்றால், பிடுங்கிய ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். டிவி ஒயரைச் செருகியதும் ம்ம்ம் வந்தால், ஆம்ப்பை விட்டுவிட்டு செட்டாப் பாக்ஸுக்குப் போகும் கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். அநேகமாக நின்றுவிடும். தெருக்கம்பத்திலிருந்து வரும் அந்த கேபிளின் வெளிவலைக்கு ஒரு எர்த், உங்கள் ஃப்ளாட்டின் ப்ளக் பாயின்ட்டுக்கு வேறொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அது ஆடியோ ஒயர் வழியாகப் பாயும். கேபிளில் போடும் ஐசொலேட்டர் அல்லது ஆடியோ ஒயரில் போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், இரண்டில் ஒன்று போதும். சில நூறு ரூபாய்தான். டிவி, பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுப்பதும் உதவும். லேப்டாப்பில் பாட்டுக் கேட்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அது நின்றதும் இரைச்சலும் நிற்கும் வீடுகள் ஏராளம்.

மூன்று முனை பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் இரைச்சல் போகும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. போகும். ஒருநாள் ஆம்ப்பின் உலோக உடம்பில் கரன்ட் ஏறினால் அதைத் தொட்ட ஆளும் போவார். செய்யாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே எர்த் குழி, அது பார்க்கிங்கில் யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில் இருக்கும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அசோசியேஷனில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. டெல்டாவின் களிமண்ணுக்கு ஈரம் பிடிக்கும் குணம் உண்டு, அதனால் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

ம்ம்ம் அல்ல, "ட்ர்ர்ர்" என்று கூர்மையாக வருகிறதா? ஃபேனை நிறுத்துங்கள். ரெகுலேட்டரை நடு வேகத்தில் வைக்கும்போது மட்டும் வந்தால், அது பழைய மின்னணு ரெகுலேட்டர். படிப்படியாகத் திரும்பும் கபாசிட்டர் வகையாக மாற்றினால் தீர்ந்தது. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஆம்ப் உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஆம்ப் லைனை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிடுங்கள், அல்லது சைன் வேவுக்கு மாறுங்கள்.

டிவியில் பேசுவது புரியவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது

சரி, மேலே ஃபேன் 5-ல் ஓடுகிறதா? மே மாதத்தில் அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஆனால் பேச்சில் புரிதலைத் தரும் மெய்யெழுத்து ஓசைகள் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கின்றன; ஃபேன் காற்றின் இரைச்சல் மூழ்கடிப்பது இவற்றைத்தான். சத்தத்தைக் கூட்டுவதைவிட ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால், திறந்த வெளிக் கணக்கில் 6 டெசிபல் கூடும். அறையில் அவ்வளவு வராது, ஆனாலும் ஆம்ப்பை இரு மடங்கு வாட்டுக்கு மாற்றிக் கிடைக்கும் 3 டெசிபலுக்கு இது இளைத்ததில்லை.

5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர்) ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். டிவியிலிருந்து சிவப்பு-வெள்ளை பின் ஒயர் மட்டும் போனால், வருவது இரண்டு சேனல். மிச்ச ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப் தானாகக் கலந்து அனுப்புகிறது, அந்தக் கலவையில் பேச்சு அமுங்கிவிடும். "சரவுண்ட்", "தியேட்டர்", "3டி" என்று எதெல்லாம் எரிகிறதோ அதையெல்லாம் அணைத்துவிட்டு வெறும் ஸ்டீரியோவில் கேளுங்கள். சென்டர் ஸ்பீக்கருக்குத் தனி அளவு இருந்தால் 2, 3 புள்ளி ஏற்றுங்கள்.

ஆப்டிகல் ஒயர் போட்டும் சத்தமே வரவில்லை என்றால் டிவியின் சவுண்ட் அமைப்புக்குள் போய் டிஜிட்டல் அவுட்புட்டை பி.சி.எம். என்று மாற்றுங்கள். சின்ன ஆம்ப்புகளுக்கு டால்பி சிக்னலைப் பிரிக்கத் தெரியாது.

இரண்டு ஸ்பீக்கர் இருந்தும் பாட்டு நடுவில் நிற்கவில்லை

ராஜரத்தினம் பிள்ளையை இப்போது போடுங்கள். மோனோ பதிவு என்பதால் நாகஸ்வரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும். அப்படி வராமல் தலைக்குப் பின்னால் பரவிய மாதிரி இருந்து, பாஸும் வெளிறிப் போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்து ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஒயரைத் திருப்பிப் போடுங்கள்.

ஒயரில் நிறம் அழிந்துவிட்டதா? ஆம்ப்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் ஒரு கணம் தொடுங்கள். ஊஃபர் கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

இடமும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டிலும் இன்னொன்று பூஜை அலமாரி மேலேயும் இருந்தால் பாட்டு நடுவில் நிற்காது. இரண்டும் ஒரே உயரத்தில், ட்வீட்டர் (மேலோசை தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில், இரண்டுக்கும் நடுவிலான தூரமும் உங்களுக்கு உள்ள தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாக.

நாகஸ்வரம் காதைக் கிழிக்கிறது, வயலின் குத்துகிறது

ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் "டிர்ர்ங்" என்று கம்பி அதிர்வது போன்ற எதிரொலி வந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் பந்தாடிக்கொண்டிருக்கின்றன. புதுமனை புகுந்த கையோடு செட் வாங்குபவர்களுக்கு இது கட்டாயம் இருக்கும், வீட்டில் இன்னும் துணியே சேர்ந்திருக்காது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரோடும் வீதியில், திறந்த வெளியில், நாலு தெருவுக்குக் கேட்பதற்கென்று உருவான வாத்தியம் அது. அதை 120 சதுர அடிக்குள் அடைத்தால் குத்தத்தான் செய்யும். திருவையாறு ஆராதனையின் கோஷ்டி கானத்தை நேரலையில் கேட்கும்போதும் இதே கதி. நூற்றுக்கணக்கான குரல்கள் ஒரே கூச்சலாகிவிடும்.

இங்கே நல்ல செய்தி, பாஸைப் போல் இது பிடிவாதமான நோய் இல்லை. தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை, ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் துணிகள். கோரைப் பாய் குளுமைக்கு நல்லது, ஒலியை உறிஞ்சுவதில் அவ்வளவு இல்லை. இத்தனைக்குப் பிறகும் குத்தினால் ஸ்பீக்கர்களை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் விலக்குங்கள். ட்ரெபிளைக் குறைப்பது கடைசி வேலை.

சத்தம் ஏற்றினால் கரகர

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா என்று பார்க்கும் முன், ஆம்ப்பின் உண்மையான வாட் என்ன என்று பாருங்கள். பெட்டியில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய கணக்கு) என்று ஒட்டியிருக்கும். உள்ளே திறந்தால் எல்.ஏ. 4440 ஐ.சி. இருக்கும். அது ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜ் செய்தால் 19 வாட் தருகிற சில்லு. குறை சொல்லவில்லை, உழைப்பாளி ஐ.சி. அது, தமிழ்நாட்டில் எத்தனை பஸ்ஸிலும் டீக்கடையிலும் பாடியிருக்கிறது! ஆனால் 19-ஐ ஆயிரமாக்க அதனால் முடியாது. எல்லை தாண்டும்போது அலையின் தலை வெட்டுப்படும், அதுதான் கரகர. அந்த நிலையில் நீண்ட நேரம் ஓட்டினால் முதலில் சாவது ட்வீட்டர்.

குறைந்த சத்தத்திலும் கரகரத்தால் மட்டுமே ஸ்பீக்கர் பக்கம் போங்கள். நான்கு விரலைக் கோன் மேல் பரவலாக வைத்து மெல்ல அமுக்குங்கள். உரசல் கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது. கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு தொட்டதும் பொடிந்தால், ஈரக் காற்று தின்றுவிட்டது. திருவிழாவுக்கு மைக் செட் போடுபவரைக் கேளுங்கள், கோன் மாற்றித் தருபவர் யார் என்று அவருக்குத் தெரியும். அடுத்து வாங்கும்போது ரப்பர் விளிம்பு கேட்டு வாங்குங்கள்.

இரவு 8 மணிக்கு மேல் மட்டும் கரகரத்தால் வோல்ட்டேஜ். எல்லா வீட்டு ஏசியும் ஓடும் நேரத்தில் மீட்டர் வைத்து அளங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200-க்குக் கீழே போனால், டிரான்ஸ்ஃபார்மர் போட்ட ஆம்ப் திணறும், ஸ்டெபிலைசர் வேண்டும். பின்னால் 100-240 என்று அச்சிட்ட எஸ்.எம்.பி.எஸ். வகைக்கு அந்தக் கவலையில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பக்கம் வருவதில்லை

இடம் வலம் ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்பில் மாற்றிச் செருகுங்கள். கோளாறு மறுபக்கத்துக்குத் தாவினால் ஆம்ப் அல்லது அதற்குள் வரும் ஒயர், அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ. நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கம் ஒயர் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் செம்பு பச்சையாகக் களிம்பேறியிருக்கும். சுரண்டாதீர்கள். ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

வால்யூம் திருகும்போது கொரகொரத்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே இதற்கு ஆகாது. ஸ்பீக்கரின் காற்றுத் துளைக்குள் பல்லி குடியேறுவதும் உண்டு. உள்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒன்றை இழுத்து ஒட்டினால் சத்தம் கெடாது, பல்லியும் வராது.

வாய் அசைவது ஒரு நேரம், சத்தம் வருவது ஒரு நேரம்

ப்ளூடூத். சாதாரண ப்ளூடூத் இணைப்பில் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதம் வரும். பாட்டுக்குப் பரவாயில்லை, படத்துக்கு ஒயர் போடுங்கள்.

கீழ் வீட்டு மாமி மேலே வந்துவிட்டார்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 முதல் காலை 6 வரை. ஆனால் மாமி விதியைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, அவர் வீட்டு ஷெல்ஃபில் டம்ளர் ஆடுகிறது என்று வருகிறார். தரையில் நேராக உட்கார்ந்த ஊஃபர் ஸ்லாப்பையே ஸ்பீக்கராக்கிவிடும். அடியில் தடித்த ரப்பர் துண்டுகள், அதன் மேல் ஒரு கடப்பாக் கல், அதன் மேல் ஊஃபர். அதிர்வு நன்றாகக் குறையும். காற்று வழியாகப் போகும் பாஸை இது நிறுத்தாது, திரையும் நிறுத்தாது; 10 மணிக்கு மேல் ஊஃபரின் பிளக்கைப் பிடுங்குவது ஒன்றே வழி.

இத்தனையும் செய்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால்

120 சதுர அடிக்கு 5.1 வேண்டாம் என்பது என் கட்சி. பின் ஸ்பீக்கர் இரண்டும் தலைக்கு ஒரு அடி தூரத்தில் தொங்கும், ஒயர் காலில் மாட்டும். அதே காசுக்கு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சின்ன ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று. 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டரில் 87 தரும், 2 மீட்டரில் 81; 10 வாட்டுக்கு 91. அது ஏற்கெனவே காதுக்கு அதிகம். ஆக உண்மையான 30 வாட் ஆர்.எம்.எஸ். (ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்) இருந்தால் கையிருப்போடு கிடைக்கிறது. பணத்தைப் பிரிக்கும்போது ஸ்பீக்கருக்குத்தான் பெரிய பங்கு. ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். 5 மீட்டருக்குள் என்றால் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு ஒயர் தாராளமாகப் போதும். கடையில் கேட்டுப் பார்த்து நன்றாக இருந்தது என்று உடனே பணம் கட்டிவிடாதீர்கள், அது அந்தக் கடையின் அறை. இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுப்பவரிடம் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் சரி.